புள்ளியில்லாத அப்பலூசாவும் மகளின் முதல் ஷோவும்

கேள்வி: அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போகேன் பக்கம் இருக்கிறோம். பதினொரு வயது மகள் இரண்டு வருடமாகக் குதிரைச் சவாரி பழகுகிறாள். பயிற்சியாளர் சொன்னதால் புள்ளிகளுக்குப் பேர்போன அப்பலூசா இனத்துப் பெண்குதிரை ஒன்றை ஆறு மாதக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். அதன் உடம்பில் ஒரு புள்ளி கூட இல்லை, வெறும் பழுப்பு நிறம். வட்டார அப்பலூசா கிளப்பில் சேரச் சொல்கிறார்கள். ஜூன் மாத ஷோவின் பட்டியலைப் பார்த்தால் நூற்றுக்கும் மேல் கிளாஸ்கள், அதாவது போட்டிப் பிரிவுகள். எதில் சேர்ப்பது? புள்ளியில்லாத குதிரையை உள்ளே விடுவார்களா? ஷோ தவிர கிளப்பில் வேறென்ன நடக்கும்?

பதில்:

பட்டியலை மடித்து வைத்துவிட்டு, முதலில் குதிரையின் உதட்டைப் பாருங்கள்.

நம் ஊரில் மாடோ குதிரையோ வாங்கப் போகிறவர் சுழி பார்ப்பார். அப்பலூசாக்காரர்கள் பார்ப்பது தோல், கண், குளம்பு. உதட்டோரம், கண்ணைச் சுற்றி, வாலுக்கு அடியில், மடிப் பக்கம் தோல் ஒரே கறுப்பாக இல்லாமல் இளஞ்சிவப்பும் கறுப்பும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கிறதா? கருவிழியைச் சுற்றி மனிதக் கண்ணில் தெரிவது போல வெள்ளை தெரிகிறதா? காலில் வெள்ளை அடையாளம் இல்லாதபோதும் குளம்பில் மேலிருந்து கீழாகக் கோடுகள் ஓடுகின்றனவா? தோலில் அந்தத் திட்டும், கூடவே மற்ற இரண்டில் ஒன்றும் இருந்தால் போதும். முதுகில் ஒரு புள்ளி இல்லாவிட்டாலும் அது முழுப் பதிவுக்குத் தகுதியான அப்பலூசாதான். ‘வெறும் பழுப்பு’ என்று பேர் வாங்கிய எத்தனையோ குதிரைகள் வாயைத் திருப்பிக் காட்டியதும் மானம் காத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த அடையாளங்களும் இல்லை என்றால் பதிவுச் சான்றைப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் ‘N’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால், இனத்தின் அடையாளங்கள் இல்லாத குதிரை என்று பதிவாகியிருக்கிறது. அதற்கும் வழி உண்டு. மரபணுச் சோதனையில் தாய் தந்தையை உறுதிப்படுத்தி, தனிக் கட்டணம் கட்டினால் அங்கீகாரம் பெற்ற ஷோவில் இறக்கலாம். அது உரிமையாளர் செய்ய வேண்டிய வேலை, நாளும் பிடிக்கும். ஷோவுக்கு முந்தின வாரம் கேட்டால் நடக்காது, இன்றே கேளுங்கள்.

இன்னொன்று. இந்த இனத்தில் நிறம் வயதோடு மாறும். பழுப்பாகப் பிறந்த குட்டி வருடங்கள் போகப் போக வெள்ளை மயிர் கலந்து, நரைத்த மாதிரி ஆகிவிடும். சான்றில் ஒட்டியிருக்கும் படத்துக்கும் எதிரே நிற்கும் குதிரைக்கும் பொருத்தம் தெரியாவிட்டால் உடனே சந்தேகப்பட வேண்டாம். நெற்றியிலும் காலிலும் உள்ள வெள்ளை அடையாளங்களை வைத்து ஒப்பிடுங்கள்.

இப்படிச் சான்றைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதன்முதலில் ஷோவுக்குப் போனபோது சேணத்தைத் துடைத்தேன், பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டேன், குதிரையின் வாலைக் கூடப் பின்னி எடுத்துப் போனேன். சான்றின் நகல் வீட்டுச் சமையலறை மேசையில் கிடந்தது. மூன்று மணி நேரம் ஓட்டிப் போய், நாள் முழுக்க வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஆகவே ஒரு கோப்பில் இவ்வளவும் வையுங்கள்: பதிவுச் சான்றின் இருபக்க நகல், குத்தகைக் கடிதம், உங்கள் மகளின் உறுப்பினர் அட்டை, ‘காகின்ஸ்’ சோதனை முடிவு. கடைசியாகச் சொன்னது குதிரைகளுக்கு வரும் ஒரு தொற்று ரத்தசோகை நோய் இல்லை என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. நீங்கள் இருப்பது எல்லையோரம், பாதி ஷோக்கள் ஐடஹோ பக்கம் நடக்கலாம். மாநில எல்லை தாண்டினால் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் கேட்கலாம். எத்தனை நாளுக்குள் எடுத்தது செல்லும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரு மாதம் முன்பே மருத்துவரிடமும் ஷோ செயலாளரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. குத்தகைக் குதிரை என்பதால் அந்தக் குத்தகையை, இனத்தின் பதிவேட்டை நடத்தும் தலைமைக் கிளப்பில் பதிவு செய்ய வேண்டுமா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

சரி, இந்தத் தலைமைக் கிளப் எங்கே இருக்கிறது? உங்களுக்குப் பக்கத்திலேயே, ஐடஹோவின் மாஸ்கோ ஊரில். அங்கே இனத்துக்கென்று ஓர் அருங்காட்சியகமும் உண்டு, ஒரு சனிக்கிழமை மகளை அழைத்துப் போங்கள். வழியெல்லாம் கோதுமை மேடுகள் வருமே, அந்தப் பலூஸ் பகுதியும் பலூஸ் ஆறும்தான் குதிரைக்குப் பெயர் கொடுத்தவை. ‘எ பலூஸ் ஹார்ஸ்’ என்று வெள்ளைக்காரக் குடியேறிகள் சொல்லிச் சொல்லி அப்பலூசா ஆகிவிட்டது.

வளர்த்தவர்கள் நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்கள், தங்களை நிமிபூ என்று சொல்லிக்கொள்பவர்கள். 1877இல் அமெரிக்க ராணுவம் அவர்களைத் துரத்தியது. குழந்தைகள், கிழவர்கள், குதிரை மந்தைகளோடு ஆயிரம் மைலுக்கு மேல் ஓடி, கனடா எல்லைக்குச் சற்றுத் தூரத்தில், மொன்டானாவின் பேர் பா மலையடிவாரத்தில் அக்டோபர் 5 அன்று சரணடைந்தார்கள். குதிரைகள் கை மாறிச் சிதறின. அந்த இனத்தை மீட்டெடுக்கத்தான் 1938இல் ஆரெகன் மாநிலத்தின் மோரோவில் கிளப் தொடங்கினார்கள். முதல் தேசிய ஷோ 1948இல், உங்களுக்குத் தெற்கே லூயிஸ்டனில். 1975இல் ஐடஹோ இதைத் தன் மாநிலக் குதிரையாக அறிவித்தது.

வட்டாரக் கிளப் என்பது இந்தத் தலைமைக் கிளப்பின் அங்கீகாரத்தோடு நடக்கும் உள்ளூர் அமைப்பு. அலுவலகம், சம்பள ஆள் என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். பெரும்பாலும் பத்துப் பதினைந்து குடும்பங்கள்தான். செயலாளர் வீட்டுச் சமையலறை மேசைதான் அலுவலகம். அவர்கள் மைதானத்தை வாடகைக்கு எடுத்து, நடுவர்களை வரவழைத்து, முடிவுகளைத் தலைமைக்கு அனுப்புகிறார்கள். அங்கே குதிரையின் பேரிலும் ஓட்டியவர் பேரிலும் புள்ளிகள் ஏறுகின்றன. (உடம்பில் இல்லாத புள்ளி இப்படியாவது ஏறட்டும்.)

இனி அந்த நூறு கிளாஸ். உண்மையில் அவை இருபது இருபத்தைந்து விளையாட்டுகள்தான். ஒவ்வொன்றையும் எல்லாருக்கும் பொதுவானது, தொழில்முறை அல்லாதவர்களுக்கானது, அவர்களிலேயே புதியவர்களுக்கானது, 18 வயது வரை உள்ளவர்களுக்கானது என்று பிரித்து எழுதுவதால் பட்டியல் நீண்டுவிடுகிறது. இளையோர் என்று போட்டிருப்பதை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள், முக்கால்வாசி காணாமல் போகும். மிஞ்சியதில் மூன்று போதும் என்பது என் எண்ணம்.

முதலாவது ஷோமன்ஷிப். குதிரை மேல் ஏறவே வேண்டாம், கையில் பிடித்து நடத்திக் காட்ட வேண்டும். நடுவர் பார்ப்பது குதிரையின் அழகை அல்ல, பிடித்திருக்கும் பெண்ணின் திறமையை. காலையில் ஒரு வரைபடம் ஒட்டுவார்கள்: இந்தக் கூம்பிலிருந்து நட, அங்கே ஓடு, நடுவர் முன்னால் நாலு காலும் சதுரமாக நிற்க வை. நடுவர் குதிரையைச் சுற்றி வரும்போது, அவர் பார்வையை மறைக்காமலும் குதிரை அவர் பக்கம் திரும்பினால் தடுக்கும்படியும் உங்கள் மகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி நிற்க வேண்டும். இதை லாயத்துக்கு வெளியே, மணல் பாதையில், தினம் பத்து நிமிடம் பழகினால் இரண்டு மாதத்தில் கை வந்துவிடும். விலையுயர்ந்த குதிரையை நிதானமான குதிரை தோற்கடிக்கும் இடம் இது. முதல் ஷோவுக்கு இதைவிடப் பொருத்தமான கிளாஸ் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, வாக்-ட்ராட் வகையில் ஒன்று. நடையும் துள்ளுநடையும் மட்டும், கேன்டர் என்ற நிதானமான பாய்ச்சல் ஓட்டம் கிடையாது. வீட்டில் கேன்டர் நன்றாகவே ஓட்டுகிறாள் என்று நீங்கள் சொல்லலாம். புது இடம், ஒலிபெருக்கி, பக்கத்தில் பத்துக் குதிரைகள் என்றால் வீட்டுக் கணக்கு எடுபடாது. ஆனால் ஒரே ஷோவில் கேன்டர் கிளாஸிலும் பெயர் கொடுத்தால் பெரும்பாலும் வாக்-ட்ராட்டில் அனுமதிக்க மாட்டார்கள். இரண்டில் ஒன்று என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது ட்ரெயில். தரையில் கிடக்கும் கட்டைகளைத் தாண்டுவது, மரப்பாலத்தில் நடப்பது, குதிரை மேலிருந்தபடியே கதவைத் திறந்து மூடுவது, பின்னோக்கி நடப்பது. தனியாகப் போவதால் மற்றக் குதிரைகளின் தொந்தரவு இல்லை. குதிரைக்கும் பிள்ளைக்கும் உண்மையிலேயே புத்தி வளரும் விளையாட்டு.

ஹால்டர் கிளாஸ் வேண்டாம். அது உடற்கட்டைப் பார்ப்பது. அதற்கென்றே தசை ஏற்றி வளர்த்த குதிரைகள் வரும், நீங்கள் கட்டும் பணம் அவர்களுடைய பரிசுக்குத்தான் போகும். நிறத்துக்கு மட்டுமே மதிப்பெண் தரும் கிளாஸ் ஒன்றும் உண்டு. அதை வேலிக்கு வெளியே நின்று ரசியுங்கள். உடம்பெல்லாம் புள்ளி தெளித்த சிறுத்தை வகையும், இடுப்பில் வெள்ளைப் போர்வை விரித்தது போன்ற வகையும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்கவே டிக்கெட் வைக்கலாம்.

கட்டணத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே கிளாஸை இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு நடுவர்கள் தனித்தனியாக மதிப்பிடுவார்கள், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளக் கூடாது. புள்ளிக் கணக்கும் நடுவருக்கு நடுவர் தனி. ஆகவே பட்டியலில் போட்டிருக்கும் தொகை கிளாஸுக்கா, ஒவ்வொரு நடுவருக்குமா என்று கேளுங்கள். அதற்கு மேல் லாய வாடகை, தரையில் போடும் மரத்தூள், அலுவலகக் கட்டணம், தலைமைக் கிளப்புக்குப் போகும் கட்டணம் என்று வரும். காலையில் ஏற்றி வந்து மாலையில் திரும்பினால் லாயம் வேண்டாம், மைதானக் கட்டணம் மட்டும் போதும். முடிவு வரும்போது ஒரு நடுவர் முதலிடமும் இன்னொருவர் ஐந்தாமிடமும் கொடுத்திருப்பார். மகளிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் வீடு திரும்பும் வழியெல்லாம் அதே விசாரணைதான்.

ஹெல்மெட் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வெஸ்டர்ன் எனப்படும் கௌபாய் பாணிக் கிளாஸ்களில் மற்றப் பிள்ளைகள் அகலத் தொப்பியோடு வருவார்கள், அழகாகவும் இருக்கும். ஹெல்மெட் போட்டால் மதிப்பெண் குறையாது, அது விதியிலேயே உண்டு.

இந்த ஷோக்களுக்கே உரிய வேடிக்கைகள் மதியத்துக்கு மேல் வரும், அதற்கு முன் கிளம்பிவிடாதீர்கள். கேமஸ் ப்ரேரி ஸ்டம்ப் ரேஸில் மூன்று பீப்பாய்களைச் சுற்றி ஓட வேண்டும். கடிகாரத்தை எதிர்த்து அல்ல, பக்கத்திலேயே அதே மாதிரி அமைத்த தடத்தில் ஓடும் இன்னொரு குதிரையை எதிர்த்து. தோற்றவர் வெளியே, வென்றவர் அடுத்த சுற்றுக்கு. நட்ட கம்புகளுக்கு இடையே நெளிந்து ஓடும் நெஸ் பெர்ஸ் ஸ்டேக் ரேஸும் இதே ஜோடி முறைதான். கயிறு ரேஸ் என்று ஒன்று, நம் பள்ளிகளின் இசை நாற்காலியேதான். பாட்டு நின்றதும் தொங்கும் கயிற்றில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். பாரம்பரிய உடை கிளாஸும் உண்டு. அதில் ஆசை வந்தால், கடையில் விற்கும் இறகுக் கிரீடத்தைப் பழங்குடி உடை என்று வாங்கி மாட்டாதீர்கள். அந்த மக்களின் வாரிசுகள் இன்றும் அதே வட்டாரத்தில் வாழ்கிறார்கள், 1990களில் ஐடஹோவின் லாப்வாயில் குதிரை வளர்ப்புத் திட்டமே தொடங்கினார்கள்.

ஷோ தவிர என்ன என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால் பாதிப் பேர் கிளப்பில் இருப்பதே அதற்காகத்தான். சவாரி முகாம்கள், பயிற்சி வகுப்புகள், பழைய சேணமும் பூட்ஸும் கைமாறும் சந்தை, குளிர்காலத்தில் ஆண்டு விருந்து. வளரும் பிள்ளைக்கு அந்தச் சந்தையை விட்டால் பூட்ஸ் வாங்கிக் கட்டுப்படியாகாது. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரும் விருந்துகளுக்கு எலுமிச்சை சாதம் கொண்டு போங்கள், காரத்தை மட்டும் குறைத்து. சவாரி செய்த மணிநேரத்தைக் குறித்து அனுப்பினால் அதற்கு அங்கீகாரம் தரும் திட்டமும், எல்லா இனக் குதிரைகளும் ஓடும் வெளிப் போட்டிகளில் வாங்கிய இடத்தைக் கணக்கில் சேர்க்கும் திட்டமும் தலைமைக் கிளப்பில் உண்டு. நெஸ் பெர்ஸ் தலைவர் ஒருவர் பெயரில் 1965இலிருந்து சீஃப் ஜோசஃப் நெடும்பயணம் நடக்கிறது. 1877இல் அந்த மக்கள் ஓடிய 1,300 மைல் பாதையை வருடத்துக்கு நூறு மைல் வீதம் ஐந்து நாளில் கடந்து, பதிமூன்று வருடத்தில் முடிக்கிறார்கள். பதிவு பெற்ற அப்பலூசாவில்தான் போக முடியும். உங்கள் மகளுக்கு அவசரமில்லை, இருபது வயதில் தொடங்கினாலும் முப்பத்துமூன்றுக்குள் முடித்துவிடலாம்.

ஆண்டு முடிவு விருது வேண்டுமென்றால் ஒரு நுணுக்கம். பல கிளப்புகளில் உறுப்பினர் ஆன நாளுக்குப் பின் எடுத்த புள்ளிகளைத்தான் எண்ணுவார்கள். குறைந்தபட்சம் இத்தனை ஷோ, இத்தனை மணி நேரம் தொண்டு வேலை என்றும் இருக்கும். சந்தாவை முதல் ஷோவுக்கு முன்பே கட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், குதிரையின் கண். கண்ணுக்குள் அடிக்கடி வந்து போகும் ஓர் அழற்சி நோய் மற்ற இனங்களைவிட அப்பலூசாவுக்கு ஏறக்குறைய எட்டு மடங்கு அதிகம், கவனிக்காவிட்டால் பார்வை போய்விடும். கண்ணைச் சுருக்குவது, நீர் வடிவது, கருவிழியில் நீலம் பூத்தது போன்ற மங்கல் தெரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். புள்ளி வடிவத்தைத் தரும் மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்த குதிரைக்குப் பிறவியிலேயே மாலைக்கண் இருக்கும், அந்தி நேரக் கிளாஸில் அது மிரளும். பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும் குதிரைகளில் இந்த வகை அதிகம், உங்கள் பழுப்புக்காரிக்கு அந்தப் பயம் குறைவு.

ஜூனுக்கு முன்னால், மே மாதம் பக்கத்தில் எங்காவது ஷோ நடந்தால் குதிரை இல்லாமல் மகளோடு மட்டும் போங்கள். செயலாளரிடம் போய், ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேளுங்கள், வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. உங்களை வாசல் கதவைத் திறந்து மூட நிறுத்துவார்கள், மகளைப் பரிசு ரிப்பன் எடுத்துக் கொடுக்கவோ, கட்டைகளை நேராக்கவோ அனுப்புவார்கள். கதவருகே நாள் முழுக்க நின்றால் எந்தக் கிளாஸுக்கு எப்போது கூப்பிடுகிறார்கள், சேணம் மாற்ற எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். மடக்கு நாற்காலி, தொப்பி, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மைதானங்களில் நிழல் இருக்காது.