தூர் வரை சிமென்ட், உச்சியில் சருகு

கேள்வி: தெருவுக்குச் சிமென்ட் போட்டபோது எங்கள் வாசல் வேப்பமரத்தின் தூர் வரை பூசிவிட்டார்கள். இப்போது உச்சிக்கிளைகள் காய்கின்றன. பிழைக்குமா? (வாசகி, மதுரை)

பதில்: மற்ற கிளைகள் பச்சையாக இருந்தால் நம்பிக்கை உண்டு. (மழைக்காலத்தில் ஊரிலுள்ள வேம்புகள் எல்லாமே நுனி கருகினால் அது பூஞ்சான் நோய், வேறு கதை.) நீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கும். சிமென்ட் மூடினால் மழைநீரும் இறங்காது, காற்றும் புகாது.

மாநகராட்சிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குப் பெயர்த்தெடுங்கள். 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி மரங்களுக்குச் சொன்ன அளவும் இதுவே. ஜேசிபி வேண்டவே வேண்டாம், பக்கவேரையும் சேர்த்துப் பிய்த்துவிடும். உளியும் சுத்தியலும் போதும். ஜல்லியைக் கையால் பொறுக்கி, இறுகிய மண்ணைக் கம்பியால் அரையடி ஆழம் குத்தி இளக்குங்கள். மட்கிய தொழுவுரம் இரண்டு கூடை, அதன்மேல் மூன்று அங்குலம் சருகு. சருகு தூரை விட்டு ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும். மழையில்லாத வாரங்களில் வாரம் ஒருமுறை நாலைந்து குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அழகுக்கென்று மேடை கட்டி மண் நிரப்பாதீர்கள், வேர் மறுபடி மூச்சுமுட்டும்.

காய்ந்த கிளையை மேலிருந்தே அறுத்தால் பாரத்தில் பட்டையை உரித்துக்கொண்டு விழும். முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடிப்பக்கம் கால்வாசி அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துத் தள்ளுங்கள். மிச்சக் கட்டையை, கிளை தண்டோடு சேரும் புடைப்புக்கு வெளியே வெட்டுங்கள். காயம் மூடி வளருவது அந்தப் புடைப்பிலிருந்துதான். தார் பூச வேண்டியதில்லை.