வாசகர் கேள்வி: கூட்டத்தில் முதலில் வாய் திறப்பது யார்?

மழை ஓய்ந்து மண்டபங்களில் ஈரவாடை போனதும் மும்பையில் பயிற்சி வகுப்புகள் வரிசை கட்டும். அதனாலோ என்னவோ, இந்த மாதக் கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: பயிலரங்கை எப்படி ஆரம்பிப்பது, வந்தவர்களை எப்படிப் பேச வைப்பது? தாராவி சந்துகளிலும் ஏ.சி. ஹால்களிலும் வருடக்கணக்காக இந்த வேலையைப் பார்க்கிறவள் என்பதால் எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. சில விளையாட்டுகள் எனக்கு அறவே பிடிக்காது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, எங்கள் பச்சத் கட் (மகளிர் சுய உதவிக் குழு) சார்பில் பெண்களுக்கு ஒரு நாள் பயிற்சி. கடன், வட்டி, கணக்கு எழுதுவது பற்றி. 40 பேர் வருவார்கள். போன வருடம் வெளியிலிருந்து வந்த ஒருவர், ஆளாளுக்கு எழுந்து பெயர், ஊர், பொழுதுபோக்கு சொல்லுங்கள் என்றார். பாதிப் பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாயங்காலம் வரை யாரும் பேசவில்லை. இந்த முறை நான்தான் நடத்த வேண்டும். எப்படித் தொடங்க? (ஒரு வாசகி, தாராவி)

முதலில் கணக்கைப் பாருங்கள். 40 பேர், ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். அதில் ஒரு பெண் பேசுவது ஒன்றரை நிமிடம். தன் முறை வரும்வரை என்ன சொல்வது என்ற படபடப்பு. முறை முடிந்தபின் அப்பாடா என்ற நிம்மதி. அடுத்தவர் பெயர் எப்படிக் காதில் விழும்? அப்புறம் அந்தப் பொழுதுபோக்குக் கேள்வி! விடியும் முன்னே எழுந்து தண்ணீர் பிடித்து, இட்லி அவித்து விற்கக் கொடுத்தனுப்பி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஓடி வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

வாயே திறக்காமல் பதில் சொல்லக்கூடிய கேள்வியில் ஆரம்பியுங்கள். ஹாலின் நான்கு மூலைகளுக்கு மும்பை லோக்கல் ரயில் லைன்களை வைத்துப் பெயர் வையுங்கள்: வெஸ்டர்ன், சென்ட்ரல், ஹார்பர், 'ரயில் பக்கமே போகமாட்டேன்'. நீங்கள் அதிகம் ஏறும் லைன் எதுவோ அந்த மூலைக்குப் போங்கள், அவ்வளவுதான். தாராவிக்கு ஒரு பக்கம் வெஸ்டர்ன் லைனின் மாஹிம், இன்னொரு பக்கம் சென்ட்ரல் லைனின் சயான் என்பதால் கூட்டம் தானாகப் பிரிந்துவிடும். போய் நின்றதும், 'கடைசியாக எந்த ஸ்டேஷனில், எதற்காக இறங்கினீர்கள் என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள்' என்று சொல்லுங்கள். தாதர் பாலத்து நெரிசலைப் பற்றி மும்பைக்காரிக்குச் சொல்ல எதுவுமில்லாமல் போகுமா? இரண்டு நிமிடத்தில் சத்தம் தாங்காது. அதுதான் உங்களுக்கு வேண்டும்.

அடுத்து ஒரே நீள வரிசை. முன்னால் நிற்பவர் மும்பைக்கு முதலில் வந்தவர், கடைசியில் நிற்பவர் சமீபத்தில் வந்தவர். இங்கேயே பிறந்தவர்களுக்குப் பிறந்த வருடம்தான் வந்த வருடம். தங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க ஒருவரை ஒருவர் கேட்டே ஆக வேண்டும். வழக்கமாகச் சுவரோரம் ஒதுங்கி உட்காரும் திருநெல்வேலிப் பாட்டி இப்போது வரிசைக்குத் தலைவி. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். 'எந்த வண்டியில் வந்தீங்க பாட்டி, வி.டி. ஸ்டேஷனிலா இறங்கினீங்க?' என்று யாராவது கேட்பார்கள், விடுங்கள்.

பிறகு வரிசையை நடுவில் மடியுங்கள். முதல் ஆளுக்கு எதிரே கடைசி ஆள், இரண்டாவது ஆளுக்கு எதிரே கடைசிக்கு முந்தினவர். 20 ஜோடிகள் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: மாமியாரும் மருமகளும் எதிரெதிரே வந்தால் சத்தமில்லாமல் இடம் மாற்றிவிடுங்கள். இப்போதுதான் அன்றைய பாடத்தைத் தொடும் கேள்வி: 'கைமாற்றாக யாருக்காவது பணம் கொடுத்து, அதைத் திருப்பி வாங்கப் பட்ட பாடு என்ன? பெயர் சொல்லாமல் சொல்லுங்கள்.' கடன், தவணை, வட்டி, எழுதி வைக்காததால் வந்த சண்டை எல்லாம் அவர்கள் வாயிலிருந்தே வரும். நீங்கள் கரும்பலகையில் எழுதினால் போதும்.

என்னைக் கேட்டால் ஐஸ்பிரேக்கருக்கு, அதாவது கூச்சம் போக்கும் தொடக்க விளையாட்டுக்கு, இருக்க வேண்டிய லட்சணம் இந்த ஒன்றுதான். அது பாடத்துக்கு முந்தைய வேடிக்கையாக நிற்காமல் பாடத்தின் முதல் பத்தியாக இருக்க வேண்டும். கைதட்டி, குதித்து, சிரித்துவிட்டு 'சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்' என்று யாராவது சொன்னால், அதுவரை நடந்தது விஷயமில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஜோடி முடிந்ததும் இரண்டு ஜோடிகளைச் சேர்த்து நால்வராக்குங்கள், அதன் பிறகுதான் மொத்த சபை. ஹென்றி லிப்மனோவிச், கீத் மெக்காண்ட்லெஸ் என்ற இருவர் இதை ஒரு முறையாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள்: தனியாக யோசிக்க 1 நிமிடம், ஜோடியில் 2, நால்வரில் 4, சபையில் 5. மொத்தம் 12 நிமிடம். நம் பெண்களுக்கு நான் ஒவ்வொன்றையும் இரட்டிப்பாக்குவேன். நால்வரிடம் சொல்லிப் பார்த்த விஷயத்தை 40 பேரிடம் சொல்ல அவ்வளவாகப் பயம் இருப்பதில்லை.

கேள்வி: ஐரோலியில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஹெச்.ஆர். புது டீமுக்கு 'இரண்டு உண்மை, ஒரு பொய்' விளையாட்டு வைத்தேன். தன்னைப் பற்றி மூன்று சொல்ல வேண்டும், பொய் எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பெண் தன் விவாகரத்தை உண்மைகளில் ஒன்றாகச் சொல்லிவிட்டாள். யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. விளையாட்டே தப்பா?

ஏற்கெனவே பழகியவர்களுக்கு அது நல்ல விளையாட்டு. புது ஆட்களிடம் வைத்தால், சுவாரசியமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்ற நெருக்கடியில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெண்மேல் தப்பில்லை. கேள்விதான் அவளை அங்கே தள்ளியது. எந்தக் கேள்வியையும் வைக்கும் முன் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: இந்த அறையிலேயே சம்பளம் குறைவான ஆள், மேனேஜர் முன்னால் இதற்குக் கூசாமல் பதில் சொல்ல முடியுமா?

இந்தச் சோதனையில் பல 'சாதாரண' கேள்விகள் தோற்றுவிடும். 'போன லீவுக்கு எங்கே போனீர்கள்?' ஒருவர் பாலி என்பார், அடுத்தவர் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பார். 'அப்பா என்ன செய்கிறார்?' வேண்டவே வேண்டாம். தமிழர்கள் கூடும் இடத்தில் இன்னொன்றும் உண்டு. 'சொந்த ஊர் எது, எந்தத் தெரு, குலதெய்வம் எது?' கேட்பவர் பாசமாகக் கேட்பதாகத்தான் நினைப்பார். மூன்றாவது பதிலில் சாதி தெரிந்துவிடும் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். ஊரைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் மும்பையில் எந்தக் கடையில் நல்ல காபி கிடைக்கும் என்று கேளுங்கள், சண்டையே வரும்.

அலுவலகக் குழுவுக்கு நான் வைக்கும் கேள்வி: 'இந்த வேலையில் யாரும் கவனிக்காத எந்த ஒன்றை நீங்கள் நன்றாகச் செய்வீர்கள்?' மேனேஜரை முதலில் பேச விடாதீர்கள். அவர் பேசும் தொனியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். கடைசியிலும் வேண்டாம், தீர்ப்பு சொல்வது மாதிரி ஆகிவிடும். நடுவில் எங்காவது நுழைத்துவிடுங்கள்.

கை கோத்துச் சிக்கிக்கொண்டு விடுபடும் அந்த 'மனித முடிச்சு' விளையாட்டு எனக்கு அறவே ஆகாது. புடவை, முழங்கால் வலி, கர்ப்பிணி, தொடுவது பிடிக்காதவர்... இத்தனை பேரையும் தவிக்க விட்டுவிட்டு டீம் ஒற்றுமை எங்கிருந்து வரும்?

கேள்வி: வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாட்டுங்காவில் ஒரு சபாவில் தொண்டர் பயிற்சி என்று கூப்பிட்டு, பந்தைத் தூக்கிப்போட்டுப் பெயர் சொல்லச் சொன்னார்கள். இந்த வயதில் இது தேவையா?

பந்து தேவையில்லை சார். பெயர் தேவை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன்பு அறையில் இருக்கும் எல்லோரும் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகமாகிவிட்டார்களா என்று ஒரு வரி இருக்கிறது. புது தில்லி உட்பட 8 நகரங்களில், நகருக்கு ஒரு மருத்துவமனையாக, அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியிருந்தது. அறிமுகம் மட்டுமே அதைச் செய்யவில்லை, பட்டியலில் மற்ற வரிகளும் உண்டு. ஆனாலும் சர்ஜன்களே நேரம் ஒதுக்கிச் செய்கிறார்கள் என்றால் சபாத் தொண்டர்கள் செய்யலாம்தானே?

மற்றபடி, ஒதுங்கி உட்கார்ந்து பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 'நான் இதில் பார்வையாளர்' என்று சொல்லுங்கள். அதை ஏற்காத பயிற்சியாளர் பயிற்சியாளரே இல்லை.

கேள்வி: முலுண்டில் ஆசிரியை. ஸ்பாகெட்டிக் குச்சி, மார்ஷ்மெல்லோ மிட்டாய் வைத்துக் கோபுரம் கட்டும் போட்டியை எங்கள் ஆசிரியர்களுக்கு வைக்க ஆசை. சாமான் செலவு அதிகமாகிறதே?

செலவு இருக்கட்டும், உங்கள் ஆசிரியர்களில் ஜெயின், குஜராத்தி சைவக்காரர்கள் இருப்பார்களே! சாதாரண மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டு எலும்பு, பன்றித் தோல் போன்றவற்றிலிருந்து எடுப்பது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கு முழுவதும் அதுதான் பேச்சாக இருக்கும்.

பீட்டர் ஸ்கில்மேன் உருவாக்கி, டாம் வூஜெக் 2010இல் மேடையில் பேசிப் பிரபலமாக்கிய போட்டி அது. 20 ஸ்பாகெட்டிக் குச்சி, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ, 18 நிமிடம். மார்ஷ்மெல்லோ உச்சியில் நிற்க வேண்டும். மழலையர் பள்ளியை முடித்த குழந்தைகள் எம்.பி.ஏ. மாணவர்களைவிட உயரமாகக் கட்டினார்கள் என்று வூஜெக் சொல்கிறார். பெரியவர்கள் திட்டம் போட்டு, கட்டி, கடைசி நிமிடத்தில் மார்ஷ்மெல்லோவை வைப்பார்கள். பாரம் தாங்காமல் மடங்கும். குழந்தைகள் ஆரம்பத்திலிருந்தே அதை வைத்து வைத்துப் பார்க்கிறார்கள்.

உங்களுக்குப் பழைய செய்தித்தாள் போதும். குழுவுக்கு 10 தாள், கொஞ்சம் டேப், ஒரு எலுமிச்சம்பழம். தாளைச் சுருட்டிக் குழாயாக்கி, உச்சியில் பழத்தை உட்கார வைக்க வேண்டும். கையில் லேசாகத் தெரியும் பழம் கோபுரத்து உச்சியில் என்ன பாடுபடுத்தும் என்று பாருங்கள். ஆனால் கட்டி முடித்துக் கைதட்டிக் கலைந்தால் எல்லாம் வீண். கட்டுவதற்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் பேசவும் ஒதுக்குங்கள்: முதல் தடவை பழத்தை வைத்துப் பார்த்தது எப்போது, யார் சொன்ன யோசனையை யாரும் கேட்கவில்லை, வகுப்பில் இப்படிக் கடைசி நாளில் வைத்துப் பார்ப்பது எது?

கேள்வி: எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் தமிழ், மராத்தி, இந்தி மூன்றும் உண்டு. சிலருக்கு எழுதப் படிக்க வராது. (கோவண்டி)

அப்படியென்றால் சீட்டு எழுதும் எதுவும் வேண்டாம். தரையில் ரங்கோலிப் பொடியால் உங்கள் குடியிருப்பை வரையச் சொல்லுங்கள்: குழாய், கழிப்பறை, விளக்கு இல்லாத சந்து. பிறகு ஆளுக்கு 5 புளியங்கொட்டை. எந்த இடம் முதலில் சரியாக வேண்டுமோ அங்கே வைக்கட்டும். ஐந்தையும் ஒரே இடத்திலும் வைக்கலாம். கர்நாடகத்தில் மைராடா போன்ற தொண்டு அமைப்புகள் 1990 வாக்கில் கிராம மக்களோடு இப்படித்தான் தரையில் வரைபடம் போட்டன. இடத்தைச் சுட்டிக்காட்டும் கோல் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். ஒருவரே சுட்டிக்காட்டிக்கொண்டு நின்றால் அவருக்கு டீ சொல்லும் பொறுப்பைக் கொடுத்து வெளியே அனுப்புங்கள்.

கேள்வி: மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூக்கம்?

சாம்பார் சாதத்துக்கு அப்புறம் பவர்பாயிண்ட் போட்டால் நானே தூங்குவேன். இருவர் இருவராக வராந்தாவில் 10 நிமிடம் நடந்துகொண்டே பேச ஒரு கேள்வி கொடுங்கள்.

கேள்வி: ஜெயிக்கிற குழுவுக்குப் பரிசு வைக்கலாமா?

வேண்டாம். மேலே சொன்ன வூஜெக் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். ஜெயிக்கிற குழுவுக்கு 10,000 டாலர் மதிப்புள்ள சாஃப்ட்வேர் என்று அறிவித்தார். அன்றைக்கு 10 குழுக்களில் ஒன்றின் கோபுரம்கூட நிற்கவில்லை. உங்கள் கையில் பரிசுப் பணம் இருந்தால் அதற்கு எல்லோருக்கும் சூடாக வடா பாவ் வாங்கிக் கொடுங்கள்.