இசைக்கருவியும் கம்ப்யூட்டரும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் சபைப் பாடகர் குழுவின் கீபோர்டு பழையது. பின்பக்கம் ஐந்து பின் உள்ள ‘மிடி அவுட்’ மட்டும்தான் உண்டு, யூஎஸ்பி கிடையாது. யூஎஸ்பி ஒயரை வெட்டி அந்த பிளக்கில் பற்றவைத்தால் லேப்டாப்பில் வேலை செய்யுமா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: செய்யாது. முயன்று பார்க்கவும் வேண்டாம், லேப்டாப்பின் போர்ட் கெடலாம். மிடி ஒயரில் ஓசை போவதில்லை. எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற தகவல்தான் நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் போகிறது. யூஎஸ்பி பேசும் பாஷை வேறு. நடுவில் மொழிபெயர்க்க ஒரு சின்ன போர்டு வேண்டும்.

ஆர்டுயினோ என்னும் புரோகிராம் ஏற்றக்கூடிய சின்ன போர்டு வகையில் ‘புரோ மைக்ரோ’ வாங்குங்கள். 5 வோல்ட், 16 மெகாஹெர்ட்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். ஊனோ போர்டு இதற்குச் சரிப்படாது, அதைக் கம்ப்யூட்டர் மிடி கருவியாக நேரடியாக அடையாளம் காணாது. கூடவே 6என்138 ஆப்டோ ஐசி (தகவலை வெளிச்சமாகக் கடத்தும் சில்லு) ஒன்று, 1என்4148 டயோடு ஒன்று, 220 ஓம், 470 ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, ஐந்து பின் டின் பிளக் ஒன்று, இரண்டு கோர் உள்ள ஷீல்டு மைக் ஒயர். பழைய டேப் டெக்கில் இருந்த டின் பிளக்கே போதும். ஆனால் ஐந்து பின்னும் சரியாக அரைவட்டத்தில் இருக்க வேண்டும், அதற்கு மேல் விரிந்த வகை நுழையாது.

பிளக்கில் நடுப் பின் 2. அதை ஒட்டி இருபுறமும் இருப்பவை 4, 5. ஓரத்துப் பின்கள் இரண்டும் வேண்டாம். பற்றவைக்கும் பக்கம் இருந்து பார்த்தால் இடம் வலமாகத் தெரியும், அதனால் பிளாஸ்டிக்கில் பொறித்த எண்ணைப் பார்த்தே வையுங்கள். பின் 4-இலிருந்து 220 ஓம் வழியாக ஐசியின் 2-ஆம் கால். பின் 5-இலிருந்து நேராக 3-ஆம் கால். அந்த இரண்டு காலுக்கும் குறுக்கே டயோடு, கோடு போட்ட முனை 2-ஆம் கால் பக்கம். 8-ஆம் கால் போர்டின் விசிசி (5 வோல்ட் தரும் முனை), 5-ஆம் கால் கிரவுண்ட், இவ்விரண்டுக்கும் நடுவே ஐசியை ஒட்டிக் கெபாசிட்டர். 6-ஆம் கால் போர்டின் ஆர்எக்ஸ்ஐ (தகவல் வாங்கும் முனை). அதிலிருந்து விசிசிக்கு 470 ஓம். 7-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம்.

இந்தக் கடைசி ரெசிஸ்டரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஐசி அணைவதற்குத் தாமதமாகி, ஒரு பிட் அடுத்த பிட்டின் மேல் ஏறும். வேகமாக வாசிக்கும்போது சுரங்கள் விட்டுப்போகும். டிவி பவர் சப்ளையில் கழற்றிய பிசி817 கையில் இருக்கிறதே என்று அதைப் போட்டாலும் இதே கதிதான்.

ஒயரின் ஷீல்டைக் கீபோர்டு பக்கம் பின் 2-இல் மட்டும் சேருங்கள். போர்டின் கிரவுண்டோடு சேர்க்கவே கூடாது. ஆப்டோ ஐசிக்குள் தகவல் வெளிச்சமாகத்தான் கடக்கிறது, கீபோர்டுக்கும் லேப்டாப்புக்கும் மின்தொடர்பே கிடையாது. ஆம்பிளிஃபயர் ஒரு பிளக் பாயின்ட்டிலும் லேப்டாப் இன்னொன்றிலும் இருக்கும் கோயிலில் ‘ஊம்’ சத்தம் வராமல் காப்பது இந்தப் பிரிவுதான். ஷீல்டை இருபுறமும் கட்டினால் அத்தனை உழைப்பும் வீண். நீளம் 15 மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

ஆர்டுயினோ மென்பொருளில் போர்டு ‘லியனார்டோ’ என்று தேர்ந்து, ‘மிடி லைப்ரரி’, ‘யூஎஸ்பி-மிடி’ இரண்டையும் நிறுவுங்கள். சீரியல்1-இல், அதாவது ஆர்எக்ஸ்ஐ முனையில், வருவதை அப்படியே யூஎஸ்பிக்கு அனுப்பும் சில வரிகள் போதும். முழுக்க நீங்களே எழுதினால் இரண்டு விஷயம் கவனம். கீபோர்டு ஒரே வகைத் தகவலைத் தொடர்ந்து அனுப்பும்போது, வகையைச் சொல்லும் முதல் பைட்டை அது அனுப்பாமலே விட்டுவிடக்கூடும். ‘வேகம் 0’ என்று வரும் நோட்-ஆன் (கட்டை அழுத்திய தகவல்), உண்மையில் நோட்-ஆஃப் (கட்டையை விட்ட தகவல்). இவை தெரியாமல் எழுதினால் ஒரு சுரம் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஒன்றும் வரவில்லையா? பின் 4, 5 மாறியிருக்கும். டயோடு இருப்பதால் எதுவும் எரிந்திருக்காது, மாற்றி வையுங்கள். அப்படியும் வராவிட்டால் பின் 4-இலிருந்து 220 ஓம் வழியாக ஒரு சிவப்பு எல்இடியின் நீண்ட கால், பின் 5-இல் குட்டைக் கால். அறையை இருட்டாக்கி வேகமாக வாசித்தால் மங்கலாக மினுங்க வேண்டும். மினுங்காவிட்டால் கோளாறு கீபோர்டில்.

கேள்வி: ஒயர் செய்துவிட்டேன். கட்டையை அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் ஓசை வருகிறது. ஒயர் நீளமா காரணம்?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இல்லை. ஒரு சுரத்துக்கு மூன்று பைட், ஒவ்வொன்றின் தொடக்க, முடிவு பிட்டும் சேர்த்து 30 பிட். ஒரு மில்லிநொடிக்குள் போய்ச் சேரும். தாமதம் லேப்டாப்பின் ஒலி பஃபரில், அதாவது ஓசையை வெளியிடும் முன் சேர்த்துவைக்கும் இடத்தில். விண்டோஸில் ஆசியோ (தாமதம் குறைந்த ஒலி) டிரைவர் போட்டு பஃபரை 256 சாம்பிளுக்கு இறக்குங்கள். நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் அது சுமார் 6 மில்லிநொடி. 1,024-இல் 23 ஆகும், அது கைக்குத் தெரியும். சடசடவென்று வெடித்தால் ஒரு படி ஏற்றுங்கள்.

கேள்வி: கோயில் கொடையில் வில்லுப்பாட்டை மிக்சரின் ‘ரெக் அவுட்’டிலிருந்து லேப்டாப் மைக் துளையில் பதிவு செய்தேன். உடுக்கையும் குடமும் கரகரவென்று உடைகின்றன.
– ஒரு வாசகர், நாங்குநேரி

பதில்: மைக் துளைக்கு அந்த அளவு மிக அதிகம். இடது, வலது இரண்டிலிருந்தும் தலா 10 கிலோ ஓம் போட்டு ஒரே புள்ளியில் சேருங்கள். அங்கிருந்து கிரவுண்டுக்கு 100 ஓம். ஓசை ஐம்பதில் ஒரு பங்காகும். அந்தப் புள்ளியிலிருந்து 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக, ப்ளஸ் முனை லேப்டாப் பக்கம் இருக்கும்படி, நான்கு பகுதியாகப் பிரிந்த 3.5 மி.மீ. பிளக்கின் அடிப்பகுதிக்குக் கொண்டுபோங்கள். அதற்கு அடுத்த வளையம் கிரவுண்ட். அவ்விரண்டுக்கும் நடுவே 2.2 கிலோ ஓம் வையுங்கள், இல்லாவிட்டால் பல லேப்டாப்புகள் மைக் செருகியதையே உணராது. இதன் பிறகும் ‘ஊம்’ இருந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் இரு கருவிகளின் எர்த் வழியாக மின்சாரம் சுற்றுவதுதான் காரணம். 600 ஓம், 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் போட்டால் தீரும்.