சைக்காலஜி படிச்சிட்டு யூசர் ரிசர்ச் பண்றேன், கேளுங்க: கேள்வி பதில்

சைக்காலஜில முதுகலை முடிச்சிட்டு 12 வருஷமா யூசர் ரிசர்ச்தான் வேலை. அதாவது ஒருத்தர் ஒரு ஆப்பையோ ஃபார்மையோ யூஸ் பண்ணும்போது பக்கத்துல உக்காந்து வாயைத் திறக்காம பாக்கறது. விஷுவல் டிசைன், கோடிங் எனக்கு தெரியாது, அதெல்லாம் தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க. மத்தது கேளுங்க, முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேள்வி: அக்கா, மெனுல 7 ஐட்டத்துக்கு மேல போகக்கூடாதுன்னு எங்க டீம்ல ரூல் வச்சிருக்காங்க. சைக்காலஜில அப்படித்தான் இருக்காமே?

இல்லப்பா. ஜார்ஜ் மில்லர் 1956-ல எழுதின கட்டுரைலேர்ந்து வந்த நம்பர் அது. அவர் பேசினது, ஒரு விஷயத்த காட்டி எடுத்துட்ட பிறகு மனசுல எவ்வளவு நிக்குதுங்கறத பத்தி. மெனு கண்ணு முன்னாடியே இருக்கு, அத யாரும் மனப்பாடம் பண்ண வேண்டாம், பாத்து கண்டுபிடிச்சா போதும். அந்த ஞாபகக் கணக்கே பின்னாடி குறைஞ்சிடுச்சு, 2001-ல நெல்சன் கோவன் சுமார் 4-தான்னு வாதம் வச்சார். ஞாபகம் நிஜமா எங்க இடிக்கும்னா, ஒரு ஸ்கிரீன்ல பாத்த நம்பர அடுத்த ஸ்கிரீன்ல டைப் பண்ண சொல்ற இடத்துல. ஓடிபி, ரெஃபரன்ஸ் நம்பர் மாதிரி. அங்க போய் கவலைப்படுங்க. மெனுல 15 ஐட்டம் இருந்தாலும் பேர் தெளிவா இருந்து ஒழுங்கா குரூப் பண்ணியிருந்தா பிரச்சனை இல்ல.

கேள்வி: யூசர் இன்டர்வியூல எல்லாரும் "சூப்பரா இருக்கு, கண்டிப்பா யூஸ் பண்ணுவேன்"ன்னு சொன்னாங்க. லான்ச் பண்ணினா யாரும் வரல. எங்க தப்பு பண்ணோம்?

இந்த கேள்விக்காகத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

நீங்க கேட்ட கேள்விலயே தப்பு இருக்கு. "யூஸ் பண்ணுவீங்களா"ன்னு கேட்டா எதிர்ல இருக்கறவர் ஒரு கற்பனை மனுஷனுக்காக பதில் சொல்றார். அந்த கற்பனை மனுஷன் எப்பவும் ஒழுங்கானவன், நேரம் இருக்கறவன், தினமும் ஆப் திறக்கறவன். அதோட உங்க முகத்த பாத்துக்கிட்டு நல்லா இல்லன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?

இன்னொரு பக்கமும் இருக்கு, தன்னோட காரணமே மனுஷனுக்கு சரியா தெரியாது. நிஸ்பெட், வில்சன் ரெண்டு பேரும் 1977-ல வெளியிட்ட கட்டுரைல ஒரு சோதனை வரும். 4 ஜோடி நைலான் காலுறைய வரிசையா வச்சு எது நல்லா இருக்குன்னு கேட்டாங்க, நாலும் அச்சு அசல் ஒண்ணுதான். வலது கடைசில இருந்தத நிறைய பேர் எடுத்தாங்க. ஏன்னு கேட்டா துணி தரம் அது இதுன்னு காரணம் சொன்னாங்களே தவிர, வச்ச இடம்னு ஒருத்தர் கூட சொல்லல. யாரும் பொய் சொல்லல, மனசார நம்பி சொன்னாங்க. உங்க யூசரும் அப்படித்தான்.

நானும் இதுல மாட்டியிருக்கேன். மாத்திரை நேரத்துக்கு ஞாபகப்படுத்தற ஒரு ஆப்புக்காக இன்டர்வியூ பண்ணப்போ எல்லாரும் தலையாட்டினாங்க, நானும் அத அப்படியே ரிப்போர்ட்ல எழுதி கொடுத்துட்டேன். ஒரு மாசம் கழிச்சு பாத்தா நோட்டிஃபிகேஷன ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க. திரும்ப போய் "கடைசியா மாத்திரைய மறந்தது எப்ப, அன்னிக்கு காலைலேர்ந்து என்ன நடந்துச்சு"ன்னு கேட்டப்பதான் தெரிஞ்சது, பாதி பேருக்கு மறதியே பிரச்சனை இல்ல. வெளில கிளம்பும்போது மாத்திரைய கையோட எடுத்துட்டு போறதில்ல, அவ்வளவுதான். மணி அடிச்சு என்ன பிரயோஜனம்?

அதனால "பிடிச்சிருக்கா"ன்னு கேக்காதீங்க, "யூஸ் பண்ணுவீங்களா"ன்னும் கேக்காதீங்க. "கடைசியா எப்ப செஞ்சீங்க, காட்டுங்க"ன்னு கேளுங்க.

கேள்வி: கன்வெர்ஷன், அதாவது வர்றவங்கள்ல வாங்கறவங்க, சேர்றவங்க எண்ணிக்கை, அதிகமாக எந்த கலர் பட்டன் நல்லது மேடம்? சிவப்பா பச்சையா?

தனியா எந்த கலருக்கும் அந்த சக்தி கிடையாது. சுத்தி இருக்கறதுலேர்ந்து பிரிஞ்சு தெரியணும், மேல இருக்கற எழுத்துக்கும் பட்டனுக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், 4.5:1-க்கு குறையக்கூடாது. அது போதும்.

கேள்வி: மெனுல 7-க்கு மேல...

மேல சொல்லியாச்சு.

கேள்வி: 5 பேர வச்சு டெஸ்ட் பண்ணா போதும்னு சொல்றாங்களே, நிஜமாவா அக்கா?

தப்பு கண்டுபிடிக்கறதுக்கு பெரும்பாலும் போதும். நீல்சன், லாண்டவர் 1993-ல போட்ட கணக்கு அது, ஒரு யூசர் சராசரியா 31% பிரச்சனைகள வெளில கொண்டு வருவார்னு வச்சுக்கிட்டா 5 பேர்ல 85% கிட்ட வந்துடும்.

கேள்வி (டேட்டா அனலிஸ்ட் ஒருத்தர்): மன்னிக்கணும், இத இப்படி சொல்லிட்டு போறது பொறுப்பில்லாத பதில். அந்த 31% எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் பொருந்தும்னு யார் சொன்னா? பத்துல ஒருத்தருக்கு மட்டும் வர்ற பிரச்சனைய எடுத்துக்கங்க, 5 பேர்ல அது கண்ணுல படற வாய்ப்பு 41%-தான். பாதிக்கு மேல தவறிப்போகும்.

கணக்கு சரி. 31% சில ப்ராஜெக்ட்டுகளோட சராசரிதான், அத நான் சேத்து சொல்லியிருக்கணும். உங்க கட்சிக்கே இன்னும் ரெண்டு சாட்சி தரேன். 2001-ல ஸ்பூல், ஷ்ரோடர் சில வெப்சைட்டுகள டெஸ்ட் பண்ணப்போ முதல் 5 பேர்ல 35% பிரச்சனைதான் வந்துச்சு. 2003-ல லாரா ஃபால்க்னர் 60 பேர டெஸ்ட் பண்ணி, அதுலேர்ந்து அஞ்சஞ்சு பேரா பிரிச்சு பாத்தாங்க, ஒரு அஞ்சு பேர் 99% பிடிச்சாங்க, இன்னொரு அஞ்சு பேர் 55%-தான். 20 பேர் ஆனா மிகக் குறைஞ்சதே 95%.

ஆனா உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். 20 பேருக்கு பட்ஜெட் இருந்தா ஒரே டெஸ்ட்டா பண்ணுவீங்களா? நான் 5 பேர், சரி பண்ணு, திரும்ப 5 பேர், சரி பண்ணு, இப்படித்தான் போவேன். முதல் ஸ்கிரீன்லயே எல்லாரும் முட்டி நின்னா அதுக்கு பின்னாடி என்ன ஒளிஞ்சிருக்குன்னு ஆறாவது ஆள் வந்தாலும் தெரியாது, இருபதாவது ஆள் வந்தாலும் தெரியாது.

அதே நபர்: சரி, அத ஏத்துக்கறேன். ஆனா உங்க மாதிரி ஆளுங்க அப்புறம் ரிப்போர்ட்ல "60% யூசர்கள் குழம்பினார்கள்"ன்னு எழுதறீங்க. அஞ்சுல மூணு பேர். அது என்ன 60%?

இதுல உங்க பக்கம்தான் நான், முழுசா. அஞ்சு பேர வச்சு சதவீதம் எழுதறது தப்பு, எழுதறவங்கள பாத்தா எனக்கும் கோவம் வரும். "5 பேர்ல 3 பேர் இங்க நின்னுட்டாங்க, ஏன்னா இந்த வார்த்தை புரியல"ன்னு எழுதணும். எத்தனை பேருக்கு வருதுன்னு அளக்கணும்னா அது உங்க வேலை, பெரிய சாம்பிள் வேணும். ஏன் வருதுன்னு பாக்கறது என் வேலை.

இன்னொருத்தர்: அப்ப முதல்ல டேட்டா பாத்துட்டு யூசர பாக்கணுமா, யூசர பாத்துட்டு டேட்டாவா?

எது கைல இருக்கோ அதுலேர்ந்து ஆரம்பிங்க. மூணாவது ஸ்டெப்ல கூட்டம் விலகுதுன்னு டேட்டா சொன்னா அந்த மூணாவது ஸ்டெப்புக்கு அஞ்சு பேர கூட்டிட்டு வாங்க. இந்த விவாதம் இங்கயே ரொம்ப நேரம் ஓடிடுச்சு, மத்தவங்க காத்திருக்காங்க.

கேள்வி: என் பையன் ஃபோன விட்டு எழுந்திருக்க மாட்டேங்கறான், கவனக்குறைபாடா இருக்குமோன்னு பயமா இருக்கு. நீங்க சைக்காலஜி படிச்சவங்கதானே?

அம்மா, நான் சிகிச்சை பக்கம் படிச்சவ இல்ல, இங்க உக்காந்து ஊகமா ஏதாவது சொன்னா உங்களுக்கு கெடுதல். குழந்தை டாக்டர்கிட்டயோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்டயோ நேர்ல காட்டுங்க. தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: டெஸ்ட்ல எல்லாரும் டாஸ்க்க முடிச்சிட்டாங்க, அப்ப டிசைன் ஓகேதானே?

அவசரப்படாதீங்க. டெஸ்ட்டுக்கு வந்தவர் வீட்ல இருக்கற மாதிரி நடந்துக்க மாட்டார். மார்ட்டின் ஓர்ன் 1962-ல எழுதியிருக்கார், தாள்ல இருக்கற எண்களையெல்லாம் கூட்டு, கூட்டி முடிச்சு தாள 32 துண்டா கிழி, அடுத்த தாள எடுன்னு அர்த்தமே இல்லாத வேலைய கொடுத்தா கூட, சோதனைன்னு தெரிஞ்சதால ஆளுங்க மணிக்கணக்கா செஞ்சுக்கிட்டே இருந்தாங்கன்னு. உங்க ஃபார்ம்ல நாலு நிமிஷம் போராடி முடிச்சவர் வீட்ல நாப்பது செகண்ட்ல மூடிட்டு போயிருப்பார். அதனால முடிச்சாங்களான்னு மட்டும் பாக்காதீங்க, எங்க விரல் நின்னுச்சு, எங்க பெருமூச்சு விட்டாங்க, எங்க திரும்பி உங்க முகத்த பாத்தாங்கன்னு குறிச்சு வைங்க. முகத்த பாத்தா உதவி கேக்கறாங்கன்னு அர்த்தம். அப்ப உதவி பண்ணாதீங்க, "நான் இல்லன்னா என்ன பண்ணுவீங்க"ன்னு கேளுங்க.

கேள்வி: கேள்விய எப்படி கேட்டாலும் ஒண்ணுதானே, வார்த்தைல என்ன இருக்கு?

நிறைய இருக்கு. லாஃப்டஸ், பாமர் 1974-ல கார் விபத்து படத்த காட்டிட்டு, வண்டிங்க "மோதினப்ப" வேகம் என்னன்னு 50 பேர்கிட்ட கேட்டாங்க, "நொறுங்க மோதினப்ப"ன்னு இன்னொரு 50 பேர்கிட்ட. ஒரு வாரம் கழிச்சு கண்ணாடி உடைஞ்சத பாத்தீங்களான்னு கேட்டா முதல் குரூப்ல 7 பேர் ஆமான்னாங்க, ரெண்டாவதுல 16 பேர். படத்துல உடைஞ்ச கண்ணாடியே கிடையாது. ஒரு வார்த்தை அவங்க ஞாபகத்தையே மாத்திடுச்சு. "இந்த ஃபார்ம் எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு"ன்னு நீங்க கேட்டா கஷ்டத்த நீங்களே கைல கொடுக்கறீங்க. "எப்படி இருந்துச்சு, சொல்லுங்க"ன்னு விட்டுட்டு சும்மா இருங்க. "பிடிச்சிருக்கா"வும் இதே வகைதான், திரும்ப சொல்றேன், கேக்காதீங்க.

கேள்வி: அக்கா 7 ரூல் பத்தி...

மேல முதல் பதில படிங்க. மூணாவது தடவை கேக்கறீங்க, இதுக்கு இனிமே பதில் சொல்ல மாட்டேன்.

கேள்வி: சந்தாவ ரத்து பண்ற பட்டன அஞ்சு ஸ்கிரீனுக்கு பின்னாடி ஒளிச்சு வைக்க சொல்றார் மேனேஜர். சைக்காலஜி வச்சு எப்படி இத நல்லா பண்றதுன்னு கேக்க சொன்னார்.

இதுக்கு நான் உதவ மாட்டேன். இந்த மாதிரி யூசர ஏமாத்தற டிசைனுக்கு ஹாரி பிரிக்னல்ங்கற டிசைனர் 2010-லயே டார்க் பேட்டர்ன்னு பேர் வச்சிட்டார். மனுஷனோட கவனம் எங்க தவறும்னு எங்களுக்கு தெரியுங்கறது, அங்க குழி வெட்டறதுக்கு இல்ல. நீங்க சம்பளத்துக்கு வேலை பாக்கறவர், நேரா முடியாதுன்னு சொல்றது கஷ்டம்னு புரியுது. ஒண்ணு செய்ங்க, அந்த அஞ்சு ஸ்கிரீன அப்படியே மாதிரி பண்ணி, நிஜமாவே ரத்து பண்ணணும்னு நினைக்கற ஒருத்தர் கைல கொடுங்க, மேனேஜர பக்கத்துல உக்கார வைங்க. அவரும் வாயைத் திறக்கக்கூடாது, அந்த ஆள் முடிக்கற வரைக்கும் எழுந்தும் போகக்கூடாது.