சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆக மறுத்தால்

உங்க பெட்ரோல் கார் காலையில உடனே ஸ்டார்ட் ஆகுது, ஓட்டி நிறுத்தி 20 நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணினாத்தான் பிடிக்காம இழுக்குது, பேட்டரி, பிளக் ரெண்டும் புதுசுங்கிறீங்க. அப்போ பாகம் மாத்துறதை நிறுத்துங்க. பெட்ரோல் பிரஷரைப் பார்க்கணும்.

மறுபடி மக்கர் பண்ணும்போது கிராங்க் பண்ணாம (ஸ்டார்ட்டரைச் சுத்த விடாம) சாவியை ஆன் பண்ணி 2 செகண்ட் விட்டு ஆஃப் பண்ணுங்க, இப்படி 3 தடவை. அப்புறம் பட்டுன்னு பிடிச்சா, ஃப்யூல் ரெயில்ல (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கிற குழாய்) பிரஷர் நிக்கலை. சூட்டுல லைன்ல பெட்ரோல் ஆவியாகி, பம்ப் திரும்ப நிரப்ப நேரமாகுது. ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சு கிராங்க் பண்ணினாதான் பெட்ரோல் வாடையோட கறுப்புப் புகை விட்டுப் பிடிக்குதுன்னா, இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கிற பாகம்) ஒழுகுது, இல்லை பர்ஜ் வால்வு (டேங்க்ல சேர்ற பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடுறது) திறந்தே நிக்குது.

சந்தேகம் தீர ரெயில்ல பிரஷர் கேஜ் மாட்டுங்க. போர்ட் இன்ஜெக்‌ஷன் (சிலிண்டருக்குப் போற காத்துப் பாதையில பெட்ரோல் தெளிக்கிற) வண்டிகள் பலவற்றில் 3–4 பார் இருக்கும். மாட்டும் முன் இன்ஜின் ஆறட்டும், பிரஷரை இறக்கிடுங்க. சூடான மேனிஃபோல்டுல பெட்ரோல் தெறிச்சா தீப்பிடிக்கும். ஓட்டி நிறுத்தினதும் முள் சரசரன்னு இறங்குதா? டேங்க்ல இருந்து வர்ற ரப்பர் ஹோஸை கிளாம்ப் போட்டு நெரிங்க. இறங்குறது நின்னா பம்ப் செக் வால்வு (பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பாம தடுக்கிறது), இல்லை ரெகுலேட்டர் டேங்க்குள்ள இருந்தா அது. நிக்கலைன்னா இன்ஜெக்டர், இல்லை ரெயில்ல இருக்கிற பிரஷர் ரெகுலேட்டர்.

பிரஷர் இறங்காம நின்னா ஸ்கேனரை (சென்சார் அளவுகளைக் காட்டுற கருவி) மாட்டுங்க. சூடான இன்ஜின்ல கூலன்ட் சென்சார் 20 டிகிரின்னு காட்டினா அதுதான் கோளாறு. கிராங்க் பண்ணும்போது ஆர்பிஎம் பூஜ்யத்துலயே நின்னா, முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுத்துறதை அளக்கிறது) மேல.