கையடக்கச் சிற்றலை ரேடியோவுக்கு வெளியே ஒயர் ஏரியல் கட்டினால் பலன் இருக்குமா? எத்தனை மீட்டர் ஒயர் வேண்டும்?

நல்ல பலன் இருக்கும். ஆனால் நீளத்தைவிட, எங்கே கட்டுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். சிற்றலையில் நிலையம் சரியாகக் கேட்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வீட்டுக்குள் இருக்கும் இரைச்சல். போன் சார்ஜர், எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், வைஃபை ரவுட்டர் எல்லாமே இந்த அலைகளில் குப்பை கொட்டுகின்றன. அதற்கு நடுவே எவ்வளவு நீள ஒயரை இழுத்தாலும் நிலையத்தோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும்.

அதனால் ஒயர் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். ரேடியோவை அடாப்டரில் இருந்து கழற்றி பேட்டரியில் ஓடவிட்டு, 31 மீட்டர் பேண்டில் (9.4 முதல் 9.9 மெகாஹெர்ட்ஸ்) நிலையம் ஏதும் இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள். சார்ஜர் பக்கம் போனதும் ரீங்காரம் ஏறும், சுவரோடு ஓடும் மின்கம்பி அருகே கரகரக்கும், வெளியே வந்ததும் மெல்லிய சீறல் மட்டும் மிஞ்சும். அந்த அமைதியான பக்கம்தான் ஒயருக்கான இடம்.

சரி, நீளம். 5 முதல் 10 மீட்டர் தாராளமாகப் போதும். இந்த ரேடியோக்கள் அவற்றின் மேலே இருக்கும், இழுத்து நீட்டும் சிறிய நீள்கம்பி ஏரியலுக்காகவே செய்யப்பட்டவை. 30 மீட்டர் ஒயரை மாட்டினால் உள்ளே இருக்கும் சுற்று திணறிவிடும். ஒரே நிலையம் டயலில் பல இடங்களில் தலைகாட்டும், மத்திய அலை நிலையம் சிற்றலைக்குள் வந்து பேசும். அப்படி நடந்தால் லோக்கல் (பக்கத்து நிலையம்), டிஎக்ஸ் (தொலைதூர நிலையம்) என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். லோக்கலில் தள்ளினால் அடங்கும். சுவிட்ச் இல்லையென்றால் ஒயரைக் குறையுங்கள்.

ஒயர் எதுவானாலும் சரிதான். பிளாஸ்டிக் உறையை உரிக்க வேண்டாம், ரேடியோ அலைக்கு அது தடையே இல்லை. கேட்பதற்கு மட்டும் என்பதால் கனமும் பெரிய விஷயமில்லை. இரண்டு முனைகளையும் நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். மரத்தில் கட்டுவதாக இருந்தால் கொஞ்சம் தொய்வு விடுங்கள், காற்றில் மரம் ஆடும்போது அறுந்துவிடக் கூடாது.

ரேடியோவில் வெளி ஏரியலுக்கான துளை இருந்தால் அதற்குப் பொருத்தமான பின்னில் சொருகலாம். இல்லாவிட்டால் முனையில் இரண்டு சென்டிமீட்டர் உறையை உரித்து, கிளிப் போட்டு நீள்கம்பியில் கவ்வவிடுங்கள். அது அதிகமாகிவிட்டது என்று தோன்றினால், உறையை உரிக்காமலேயே நீள்கம்பியைச் சுற்றி நாலைந்து சுற்று சுற்றிவிடுங்கள். உலோகம் உலோகத்தைத் தொடாமலேயே சிக்னல் தாவிவிடும், திணறலும் குறையும். எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான்.

பலன் தெரிய ஒரே நிலையத்தில் ஒயரை மாட்டியும் கழற்றியும் சட்டென்று ஒப்பிட வேண்டும். சிற்றலை சிக்னல் தானாகவே ஏறி இறங்கும்; ஐந்து நிமிடம் கழித்துப் பார்ப்பதில் பொருளில்லை. சிக்னல் கோடுகள் ஏறியதை நம்பாதீர்கள், இரைச்சல் ஏறினாலும் அவை ஏறும். பேச்சு முன்பைவிடப் புரிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். இரவென்றால் 49, 41, 31 மீட்டர் பேண்டுகளிலும், பகலென்றால் 19, 16 மீட்டர் பேண்டுகளிலும் சோதிப்பது நல்லது.

வெளியில் இருந்து அறைக்குள் வரும் ஒயரும் ஏரியல்தான், வீட்டு இரைச்சலை அதுவும் பிடிக்கும். அந்தப் பகுதியைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அக்கறை கூடினால், ஒயரையும் கேபிளையும் பொருத்திவைக்கும் ஒன்பதுக்கு ஒன்று (9:1) டிரான்ஸ்பார்மர் ஒன்றை வெளியே வைத்து, தனியாகத் தரையில் எர்த் கம்பி அடித்து, அங்கிருந்து கோஆக்சியல் கேபிளில் (டிவி டிஷ்ஷிலிருந்து வருவது போன்ற கேபிள்) உள்ளே கொண்டுவரலாம்.

இதை மட்டும் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். மின்கம்பிக்கு மேலேயோ, கீழேயோ, அறுந்தால் போய் விழும் தூரத்திலேயோ ஒயரைக் கட்டவே கூடாது. ரேடியோவில் கேட்டு முடித்ததும் ஒயரைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். இடி மின்னல் வந்த பிறகு கழற்றப் போகாதீர்கள், வானம் இருட்டும்போதே செய்துவிட வேண்டும். இடி இல்லாத வறண்ட காற்று நாளிலும் நீள ஒயரில் நிலைமின்சாரம் சேரும். மாட்டுவதற்கு முன் அதன் முனையை எர்த்தில் ஒருமுறை தொட்டு எடுங்கள். இல்லாவிட்டால் அந்த மின்சாரம் ரேடியோவுக்குள் பாயலாம்; ஏரியல் சிக்னலை முதலில் வாங்கும் டிரான்சிஸ்டர் போய்விட்டால் ரேடியோ ஊமையாகிவிடும்.

அப்புறம், மத்திய அலைக்கும் இது உதவும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான ரேடியோக்களில் அதற்கு உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பிதான் ஏரியல், அங்கே ரேடியோவையே திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும்.