வானம் பார்த்த பூமிக்கு வெளிநாட்டு ஆய்வு நிதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அழைப்பறிக்கையின் தகுதிப் பக்கத்தைப் படித்திருந்தால் எழுதவே தேவைப்பட்டிருக்காது. அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள் என்று போன முறையும் சொன்னேன், இந்த முறையும் சொல்கிறேன். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

ஐரோப்பாவின் ‘ப்ரிமா’ நிதிக்கு நான் நேரடியாக விண்ணப்பிக்கலாமா? மானாவாரி நிலத்தில் உவர்நீர்ப் பாசனம் என் தலைப்பு. (ஆய்வு மாணவி, ஒத்தக்கடை)

முடியாது. ப்ரிமா மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்காக 2018-இல் தொடங்கியது. ஸ்பெயின், இத்தாலி, மொராக்கோ, துனீசியா, எகிப்து போன்ற நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து பணம் போடுகின்றன. இந்தியா அதில் உறுப்பு நாடு இல்லை. ஆய்வுக்கூட்டில் உங்களைச் சேர்த்துக்கொண்டாலும் பொதுவாக அவர்கள் பணம் உங்கள் கைக்கு வராது.

அதற்காக ப்ரிமாவை ஒதுக்கிவிட வேண்டாம். அங்கே தேர்வான திட்டங்களின் சுருக்கங்களைப் படியுங்கள். துனீசியாவில் கிணறு உப்பாவதும் ராமநாதபுரத்தில் கிணறு உப்பாவதும் ஒரே மாதிரிச் சங்கடம்தான். யார் உங்கள் தலைப்பில் வேலை செய்கிறார்கள் என்று பார்த்துக் கடிதம் போடுங்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வேறு நாட்டு அரசுகளோடு சேர்ந்து அவ்வப்போது இருதரப்பு அழைப்பு விடுகிறது. கூட்டாளி கையில் இருந்தால் அப்போது ஓடலாம்.

மதுரைக்கு ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதை வறண்ட பகுதி என்று விண்ணப்பத்தில் எழுதினால் தேர்வுக்குழு ஒத்துக்கொள்ளுமா? (பொறியாளர், விருதுநகர்)

நல்ல கேள்வி. மழையளவை மட்டும் வைத்து வறட்சியைச் சொல்வதில்லை. பெய்யும் மழையை, வெயிலும் காற்றும் பயிரும் சேர்ந்து உறிஞ்சக்கூடிய நீரால் வகுப்பார்கள். விடை 0.65-க்குக் கீழே போனால் வறள்நிலம், 0.2-க்கும் 0.5-க்கும் நடுவில் இருந்தால் அரைவறட்சி. நம் பக்கம் உறிஞ்சல் மழையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆக, நாம் அரைவறட்சியில் வருகிறோம்.

இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். அந்த மழையில் ஏறக்குறைய பாதி புரட்டாசிக் கடைசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. அதைப் பிடித்து வைக்கத்தான் தமிழ்நாட்டில் சுமார் 40,000 ஏரி, கண்மாய்களை வெட்டினார்கள். 850 என்ற எண்ணை மட்டும் பார்க்கும் ஐரோப்பியத் தேர்வாளருக்கு, அவர் ஊரை விட இங்கே மழை அதிகம் என்றுதான் தோன்றும். மாதவாரிக் கட்டம் ஒன்று போட்டுக் காட்டுங்கள்.

எங்கள் அறக்கட்டளை தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று 30 லட்சம் அனுப்பத் தயார். நண்பரின் அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உண்டு, அதன் வழியாக வாங்கிக்கொள்ளலாமா? (செயலாளர், திருமங்கலம்)

கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரவே முடியாது. மாட்டினால் நண்பரின் பதிவும் போகும். உங்களுக்குப் பதிவு கிடைக்க மூன்று ஆண்டுச் செயல்பாடும், அதில் 15 லட்சம் ரூபாய்க்குக் குறையாத செலவுக் கணக்கும் வேண்டும். அதுவரை ஒரே வழி முன்அனுமதி. கொடுப்பவரின் உறுதிக் கடிதத்தோடு உள்துறை அமைச்சகத்துக்கு விண்ணப்பியுங்கள். கணக்கு டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் தொடங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இவ்வளவும் முடியும் முன்பே ஆள் எடுத்து, அலுவலகம் பிடித்து, அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த நம்பிக்கையில் செய்தீர்கள்? அனுமதி கைக்கு வந்த பிறகுதான் பணம், பணம் வந்த பிறகுதான் ஆள்.

மேற்செலவு (அலுவலகம், மின்சாரம் போன்ற மறைமுகச் செலவு) எத்தனை சதவீதம் போடலாம்? (பெயர், ஊர் இல்லை)

எந்த நிதிக்கு என்றே எழுதவில்லையே. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதியான ஹொரைசன் யூரோப்பில் நேரடிச் செலவில் 25 சதவீதம். ஆனால் இந்திய நிறுவனத்துக்கு அந்தப் பணம் தானாகக் கிடைப்பதில்லை. அழைப்பிலேயே அப்படிச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது இந்திய அரசின் இணைநிதி இருக்க வேண்டும். தகுதிப் பக்கம்.

உலக வங்கி உதவி பெற்ற தமிழ்நாடு நீர்வள, நிலவளத் திட்டத்தில் ஆய்வுக்குத் தனியாக விண்ணப்பிக்க முடியுமா? (உதவிப் பேராசிரியர், மதுரை)

அது மாநில அரசு வாங்கிய கடன். தனியாள் விண்ணப்பிக்கும் ஆய்வு நிதி அல்ல. வேளாண் பல்கலைக்கழகம் அதில் ஒரு பங்காளி. உங்கள் துறைத் தலைவரிடம் கேளுங்கள்.

எங்கள் திட்டத்தில் மேலூர், திருமங்கலம் பக்கம் 12 கண்மாய்கள். நீர்மட்ட சென்சாருக்கும் மழைமானிக்கும் 38 லட்சம் ஆகிறது. பட்ஜெட் இடிக்கிறது. அன்றாட அளவீடு எழுதும் நீர்பாய்ச்சிகளைத் தன்னார்வலர் என்று காட்டி, அவர்கள் நேரத்தை எங்கள் தரப்புப் பங்களிப்பாகக் கணக்கில் சேர்க்கலாமா? (இணைப் பேராசிரியர், திண்டுக்கல்)

வேண்டாம். இந்தக் கேள்வி எனக்கு ஆண்டுக்கு நாலைந்து தடவை வருகிறது. இந்த முறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நீர்பாய்ச்சி யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த மடையை எத்தனை நாழிகை திறக்க வேண்டும், கடைமடை வயலுக்கு எப்போது தண்ணீர் எட்டும், கலுங்கு எத்தனை தடவை பாய்ந்தது, வரத்துக்கால் எங்கே தூர்ந்துபோயிருக்கிறது, எல்லாம் அவர் தலையில் இருக்கிறது. ராமநாதபுரம் பக்கம் போனால் மடைக்குடும்பன் என்பார்கள். அறுவடையில் ஏக்கருக்கு இத்தனை மரக்கால் நெல் என்று அவருக்கு ஊர் கூலி அளந்தது. ஒரு நாளும் சும்மா வேலை வாங்கியதில்லை. ஊர் கொடுத்த கூலியை ஆய்வுத் திட்டம் கொடுக்காது என்றால் அது என்ன நியாயம்?

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் திட்டத்தில் நான் உள்ளூர் ஆலோசகராக இருந்தேன். திருமங்கலம் பக்கம் ஒரு கண்மாய். விலை உயர்ந்த நீர்மட்டமானி வைத்தோம். ஐப்பசி மழையில் அதன் பேட்டரி பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, கண்மாய் நிரம்பிய அந்தப் பன்னிரண்டு நாளும் ஒரு பதிவு கூட இல்லை. அந்த ஊர் நீர்பாய்ச்சி மட்டும் காலையும் மாலையும் மடைக் கல்லில் எத்தனையாவது படி நனைந்திருக்கிறது என்று பார்த்து, பேரனின் குயர் நோட்டில் எழுதி வைத்திருந்தார். இரண்டு பருவத்துக்கும் எழுதினார். ஆய்வுக் கட்டுரையில் வந்த வரைபடம் அந்த நோட்டிலிருந்துதான் வந்தது. கட்டுரையில் அவர் பெயர் இல்லை. நிறைவு விழாவில் ஒரு துண்டும், ஆங்கிலத்தில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம்தான் கேட்டார். அந்த பட்ஜெட்டில் அவருக்கு ஒரு வரி போட வேண்டும் என்று நான் அன்றைக்குப் பேசவில்லை. அதற்குப் பிறகு பேசாமல் விட்டதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு நீர்பாய்ச்சிக்கு மாதம் 3,000 ரூபாய் என்றால் 12 கண்மாய்க்கு ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் அடங்கும். சென்சாரை 12 கண்மாயிலும் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. நாலு கண்மாயில் சென்சாரும் நீர்பாய்ச்சி பதிவும் சேர்ந்து இருக்கட்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, மீதி எட்டில் அளவுகோல் கல்லும் நோட்டும் போதும். திட்டம் முடிந்ததும் சென்சாரின் சிம் கார்டுக்குப் பணம் கட்ட ஆள் இருக்காது. கல் அங்கேயேதான் இருக்கும்.

கூலி மட்டும் போதாது. பதிவின் ஒரு பிரதி அந்தந்த ஆயக்கட்டுச் சங்கத்திடம் இருக்க வேண்டும், தமிழில். எழுதியவர் பெயர் கட்டுரையில் வர வேண்டும். இதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். வெளிநாட்டுத் தேர்வாளர்கள் இதை எதிர்ப்பதில்லை. பல அழைப்புகளில் உள்ளூர்ப் பங்கேற்புக்குத் தனி மதிப்பெண்ணே உண்டு. தடை எப்போதும் நம் பக்கத்திலிருந்துதான் வருகிறது. கூலி என்றால் ரசீது, வவுச்சர், கணக்குப் பிரிவின் கேள்வி, அதனால் தன்னார்வலர் என்று எழுதிவிடுவது. வவுச்சர் எழுதச் சோம்பல்பட்டு ஒரு மனிதரின் இரண்டு வருட உழைப்பை இல்லை என்று ஆக்கக் கூடாது.

மூன்று ஆண்டுத் திட்டத்தில் மானாவாரிப் பயிர் ஆய்வுக்கு முடிவு காட்ட முடியுமா? (ஆய்வாளர், கோவில்பட்டி)

பெரும்பாலும் முடியாது. ஏன் என்று உங்கள் ஆய்வு நிலையத்தின் பழைய பதிவேடுகளே சொல்லும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று தமிழக அரசு அறிவித்தது. 2015-இல் சென்னையில் வெள்ளம். இப்படிப்பட்ட மழையில் மூன்று வருட சராசரிக்கு என்ன பொருள்?

நாட்காட்டியையும் பாருங்கள். ஐரோப்பியத் திட்டங்கள் பல ஜனவரியில் தொடங்கும். ஆள் எடுத்து, கருவி வாங்கி முடிப்பதற்குள் முதல் ஐப்பசி போய்விடும். மூன்றாவது ஐப்பசியில் எல்லோரும் இறுதி அறிக்கை எழுதிக்கொண்டிருப்பார்கள். கையில் மிஞ்சுவது ஒரு பருவம், மிகக் கவனமாக இருந்தால் இரண்டு. தொடக்கத் தேதியைச் சித்திரைக்கும் ஆனிக்கும் நடுவில் வைக்க முடியுமா என்று கூட்டாளியிடம் முதல் கடிதத்திலேயே கேளுங்கள். உழவரின் பழைய மழைக் குறிப்பும் ஆய்வு நிலையப் பதிவும் சேர்ந்தால் மூன்று வருட வயல்வேலைக்கு முதுகெலும்பு கிடைக்கும்.

வெளிநாட்டு மாணவர் ஒருவர் வந்து என் நொறுங்கன் நெல் விதையும் மண்ணும் கேட்கிறார். கொடுக்கலாமா? (விவசாயி, கமுதி)

ஐயா, உடனே கொடுத்துவிட வேண்டாம். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி, வெளிநாட்டவர் ஆய்வுக்காக இங்குள்ள விதையை எடுக்க தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஆணையம் சென்னையில் இருக்கிறது. இங்குள்ள நிறுவனத்தோடு சேர்ந்த திட்டம் என்றால் மத்திய அரசின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு பேசுங்கள். மாணவர் பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான் கேட்பார், அவருக்கே சட்டம் தெரியாமல் இருக்கும். அவரை அனுப்பிய பேராசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் நிதி நின்றுவிட்டது. நாலு களப்பணியாளர்களுக்குச் சம்பளம் பாக்கி. என்ன செய்வது? (திட்ட ஒருங்கிணைப்பாளர், சிவகங்கை)

முதலில் ஒப்பந்தத்தில் இடைநிறுத்தம் பற்றிய பகுதியைப் படியுங்கள். நிறுத்திய தேதி வரையான செலவைக் கேட்டுப் பெற பெரும்பாலும் வழி இருக்கும், ஆனால் கெடு குறுகியது. இன்றைக்கே எழுதுங்கள், சம்பளப் பாக்கியை முதல் வரியாகப் போடுங்கள்.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2021-இல் பிரிட்டன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7-லிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தபோது, நடந்துகொண்டிருந்த ஆய்வுகளின் பணத்தையே வெட்டினார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யூ.எஸ்.எய்ட்டின் நிதியை நிறுத்தியதில் சோளம், சிறுதானியம் உள்ளிட்ட பயிர்களுக்கான பல்கலைக்கழக ஆய்வுத் திட்டங்களும் போயின. அதனால்தான் சொல்கிறேன்: முதல் ஆண்டிலேயே மடைக் கல், மழைமானி, நோட்டு என்று ஊர் தானே நடத்தக்கூடியதை முடித்துவிடுங்கள். டாஷ்போர்டு, மொபைல் செயலி எல்லாம் அப்புறம்.

சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க இஸ்ரேல் நிதி வாங்கித் தர முடியுமா? (திருப்பரங்குன்றம்)

அது ஆய்வு இல்லை. சிறு, குறு விவசாயிக்கு அரசே 100 சதவீத மானியம் தருகிறது, மற்றவர்களுக்கு 75. தோட்டக்கலைத் துறைக்குப் போங்கள். இஸ்ரேல் முறையைப் பார்க்க வேண்டும் என்றால் திண்டுக்கல் பக்கம் ரெட்டியார்சத்திரத்தில் காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது, ஒரு நாள் போய் வாருங்கள்.

கண்மாய்ச் சங்கத்தாரிடம் திட்டத்தைப் பற்றி எவ்வளவு சொல்ல வேண்டும்? (முதலாண்டு ஆய்வு மாணவர், மதுரை)

எல்லாவற்றையும். தமிழில், பெரிய எழுத்தில், இரண்டு பக்கம். யார் பணம், மொத்தம் எவ்வளவு, அதில் அந்த ஊரில் செலவாவது எவ்வளவு, எந்த மாதம் முடியும், பதிவு யாரிடம் இருக்கும். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்பே கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தம் சொன்னால் எழுதிக்கொண்டு வாருங்கள்.